கிளிநொச்சியில் ஆவணி மாதத்தில் வீடு பார்ப்பவர்களுக்கு

இடமாற்றம் பெற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்த இளைஞர் இருவர், சென்ற ஆவணியில் முரசுமோட்டைப் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்து, நல்ல நிழல் என்று மெச்சி, ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கட்டிவிட்டு வந்து சொன்னார்கள். நானும் ஒருகாலத்தில் அதே நிழலுக்குத்தான் மயங்கினேன். சாமான் கட்டுவதும் லொறி பேசுவதும் எவருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிட்டு, புதிதாக வருபவர்கள் தவறவிடுபவற்றை மட்டும் சொல்கிறேன்.

வெயிலில் பார்த்து முடிவெடுப்பது

வன்னியின் பெருமழை ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டுகிறது. ஆவணியில் வாய்க்கால்கள் பிள்ளைகள் பந்தடிக்கும் இடமாகக் கிடக்கும். 2018 ஆவணியில் நான் வீடு பார்த்தபோது, "இங்க ஒரு சொட்டுத் தண்ணியும் நிக்காது" என்றார் உரிமையாளர். அந்த மாதத்தைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. அவ்வாண்டு டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கனகராயன் ஆற்றின் கீழ்ப்பகுதியான முரசுமோட்டையும் கண்டாவளையும் வெள்ளத்தில் மூழ்கின. சான்றிதழ்ப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து நான் பாடசாலைக் கட்டடமொன்றை அடைந்தேன். மிகுதி முற்பணத்தைக் கேட்டபோது, வெள்ளத்துக்குத் தான் எப்படிப் பொறுப்பாவது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பணத்தைவிட என்னை இன்றும் எரிச்சலூட்டுவது, அடையாளங்கள் எல்லாம் கண்முன்னே இருந்தும் நான் பார்க்கவில்லை என்பதே. பக்கத்து வீடுகளின் அத்திவாரங்கள் யாவும் வீதியைவிட உயர்ந்திருந்தன. என் வீட்டினது மட்டும் தாழ்ந்திருந்தது. சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதிதாகப் பூச்சு அடித்திருந்தார்கள். முற்றத்தில் நிழல் தந்தது மருதமரம். அது ஆற்றோரத்து மரம் என்பது வன்னியில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே உரிமையாளரை விட்டுவிட்டு, அயலில் நெடுநாள் குடியிருப்பவரிடம் "2018 இல் தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள், அவர் சுவரில் கைவைத்துக் காட்டுவார். முற்பணத்தை மார்கழி வரைக்கும் மட்டும் கொடுத்து, வீடு குடியிருக்க முடியாமற்போனால் மிகுதி திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். இதைச் சொல்லி அந்த இளைஞர்களுக்கு அவர்களுடைய மருதமரத்தைக் காட்டினேன். ஊஞ்சல் கட்டலாமா என்று கேட்டார்கள்.

கிணற்றை எட்டிப் பாராமல் விடுவது

ஆவணியில் வீடு பார்ப்பதில் ஒரு நன்மையும் உண்டு: கிணற்றில் எவ்வளவு தண்ணீர் எஞ்சுகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஒரு போத்தலில் எடுத்துச் சென்று கொதிக்கவைத்து, கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு எவ்வளவு தங்குகிறது என்று பாருங்கள். படிவு அதிகமாக இருந்தாலோ, வாயில் வைக்கும்போது உவர்த்தாலோ, குடிதண்ணீருக்கு மாதாமாதம் தனிச் செலவு வரும்.

கிராம அலுவலரைப் பின்போடுவது

முதல் வாரத்திலேயே பதியுங்கள். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது வதிவிடச் சான்று கேட்பார்கள்.

மண்டையோட்டுப் பலகை

அது கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை. அதைத் தாண்டி விறகுக்குக்கூடப் போகவேண்டாம்.

கடைசி பஸ்

அதன் நேரத்தை நடத்துநரிடம் கேளுங்கள், நேர அட்டவணைப் பலகையிடம் அல்ல.