லண்டனில் பரதநாட்டிய வகுப்பு: சேர்ப்பதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்

வாடகை வீடு, பிள்ளைக்குப் பள்ளியில் இடம், ஜி.பி. என்ற குடும்ப மருத்துவரிடம் பதிவு எல்லாம் ஒரு வழியாக முடிந்து மூச்சு விடும்போதுதான் இந்தக் கேள்வி வரும்: ஊரில் டான்ஸ் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாளே, இங்கே எங்கே சேர்ப்பது? வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பெயர்கள் வந்துவிடும். அவரவருக்கு அவரவர் பிள்ளை போகும் வகுப்புதான் லண்டனிலேயே நல்லது. நாங்கள் திருச்சியிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு வந்தபோது எங்கள் மகளுக்கு ஆறு வயது. முதலில் சேர்த்த இடம் சரிப்படவில்லை. இரண்டாவது இடத்தில் பத்து வருடம் கற்றாள். முதல் தடவையே என்ன பார்த்திருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

லண்டனில் வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு, ஹாரோ, வெம்ப்ளி, டூட்டிங், க்ராய்டன் என்று நம்மவர்கள் இருக்கும் இடமெல்லாம் உண்டு. பல தமிழ்ப் பள்ளிகளில் சனிக்கிழமை தமிழ்ப் பாடத்தோடு நடனமும் சொல்லித் தருகிறார்கள். இரண்டாவது வகை, ஒரு டீச்சர் சொந்தமாக ஏதாவது சமூகக் கூடத்தையோ பள்ளியின் ஹாலையோ வாடகைக்கு எடுத்து நடத்துவது. மூன்றாவது, வெஸ்ட் கென்சிங்டனில் இருக்கும் பாரதிய வித்யா பவன் மாதிரியான நிறுவனம். 1972-ல் லண்டனில் தொடங்கியது. இப்போது ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் நடக்கிறது. பரதநாட்டியத்தோடு கர்நாடக இசை, மிருதங்கம் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் கற்கலாம். பக்கத்து அறையிலிருந்து மிருதங்கச் சத்தம் கேட்க வளரும் பிள்ளைக்குத் தாளம் சீக்கிரம் பிடிபடும் என்பது என் எண்ணம். மூன்றில் எது மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. தமிழ்ப் பள்ளியின் சின்ன அறையில் அருமையாகச் சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் முதல் வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஒரு டீச்சர். சேர்ந்த நான்காம் மாதமே மகள் மேடை ஏறினாள். அலங்காரம், நகை, தலை நிறையப் பூ. வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பி எங்கள் அம்மாவும் பார்த்துக் கண் கலங்கினார்கள். ஒரு வருடத்தில் மூன்று பாட்டுக்கு ஆடக் கற்றுவிட்டாள். ஆனால் அடவு என்ற அடிப்படை அசைவுகளில் முதலில் வரும் தட்டடவு ஒழுங்காக வரவில்லை. முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டி நிலையில் முட்டி இரண்டும் முன்பக்கம் வந்து பாதங்கள் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். யாரும் திருத்தவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. முட்டி வலிக்கிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்த பிறகுதான், நடனம் தெரிந்த ஒரு தோழி வீட்டுக்கு வந்து பார்த்து, "தொடையிலிருந்து திரும்ப வேண்டியதைப் பாதத்திலிருந்து திருப்புகிறாள்" என்று சொன்னாள். அந்த டெர்மோடு, அதாவது அந்தப் பள்ளிப் பருவத்தோடு, நிறுத்திவிட்டோம்.

அடுத்து ஒரு வகுப்பை வெறுமனே பார்க்கத்தான் போனேன். ஒரு மாடியறை, பதினோரு பிள்ளைகள். டீச்சர் தரையில் உட்கார்ந்து கட்டையில் தட்டுக்கழியால் தட்டிக்கொண்டே "தையா தை, தையா தை" என்று சொல்கிறார். ஒரு பையனின் குதிகால் மட்டும் முழுதாகத் தரையில் விழவில்லை. அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. கண் மட்டும் அவன் காலில் இருந்தது. மூன்றாம் சுற்றில் எழுந்து போய் அவன் இடுப்பில் லேசாகக் கை வைத்தார். உடம்பு நேரானது, பாதம் முழுதாகத் தட்டியது, சத்தமே மாறியது. அதன் பிறகு அதே அடவை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், அப்புறம் இன்னும் வேகமான மூன்றாம் காலத்தில். ஒரு மணி நேரத்தில் ஒரு பாட்டுகூடப் போடவில்லை. அன்றே சேர்த்துவிட்டேன்.

அதனால் புதிதாக வருபவர்கள் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலான டீச்சர்கள் சம்மதிப்பார்கள். ஒரு சோதனை வகுப்பும் தருவார்கள். பெற்றோர் எப்போதுமே உள்ளே வரக்கூடாது என்று சொல்லும் இடத்தை நான் தவிர்த்துவிடுவேன். வாராவாரம் உட்கார்ந்தால் பிள்ளைகளின் கவனம் சிதறும், அது நியாயம். ஆனால் சேர்க்கும் முன் ஒருமுறை பார்க்கவும், நடுவில் எப்போதாவது எட்டிப் பார்க்கவும் வழி இருக்க வேண்டும்.

உட்கார்ந்தால் மேடையில் ஆடும் பெரிய பெண்களைப் பார்க்காதீர்கள். அவர்கள் எங்கே கற்றாலும் ஓரளவு நன்றாக ஆடுவார்கள். கடைசி வரிசையில் நிற்கும், இப்போதுதான் சேர்ந்த பிள்ளையைப் பாருங்கள். டீச்சரின் கண் அங்கே எத்தனை முறை போகிறது? பதாகம் என்ற கை முத்திரையைப் பிடிக்கும்போது கட்டைவிரல் தொங்கினால் யாராவது பார்த்துச் சொல்கிறார்களா? நாட்டடவில் கால் நீட்டும்போது மற்ற முட்டி மடங்கியே இருக்கிறதா, எழுந்துவிடுகிறதா? தாளத்துக்கு டீச்சரே தட்டிச் சொல்கிறாரா, அல்லது ஃபோனில் பாட்டைப் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறாரா? உங்களுக்கு நடனம் தெரிய வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் பார்த்தால் கண் தானாகப் பழகிவிடும்.

தரையையும் பாருங்கள். இதை யாரும் சொல்வதில்லை, நான் அழுத்திச் சொல்கிறேன். பரதநாட்டியம் வெறுங்காலால் தரையைத் தட்டும் ஆட்டம். இங்கே பல கூடங்களில் சிமெண்டுக்கு மேல் மெல்லிய வினைல் ஒட்டியிருப்பார்கள். பார்வைக்கு மரம் மாதிரியே இருக்கும். குதிகாலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். மரத்தரை என்றால் அடியில் வெற்றிடம் இருப்பதுபோல் 'தொம்' என்று கேட்கும். சிமெண்டு என்றால் சத்தம் செத்துவிடும், அதிர்ச்சி நேரே முழங்காலுக்கு வரும். வாரம் ஒரு மணி நேரம் என்றால் உடனே பெரிய ஆபத்தில்லை. மேல் வகுப்புக்குப் போய் வாரம் நான்கைந்து மணி நேரம் ஆடும்போது கெண்டைக்காலும் கணைக்கால் எலும்பும் பதில் சொல்லும். ஜனவரியில் கூடத்தில் ஹீட்டிங் போடுகிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த தரையில் உடம்பு சூடேறாமல் ஆடுவதும் அடிபடக் காரணம்.

அடுத்தது பாணி. பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்ரா என்று பேச்சு அடிபடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பாணி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஊரில் இரண்டு மூன்று வருடம் கற்றுவிட்டு வரும் பிள்ளை என்றால் கவனிக்க வேண்டும். அடவின் பெயரும் அதற்குச் சொல்லும் தாளச் சொற்களான சொற்கட்டும் கை வைக்கும் விதமும் பாணிக்குப் பாணி மாறும். புது டீச்சர் மறுபடி முதல் அடவிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் பிள்ளைக்கு மனம் உடையும், நமக்கும் கோபம் வரும். பெரும்பாலும் அது பணத்துக்காகச் சொல்வது அல்ல. என்ன மாற வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்று நேராகக் கேளுங்கள். நல்ல டீச்சர் ஆடிக் காட்டியே விளக்கிவிடுவார்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு செய்தி. இங்கே டீச்சர்களில் நிறையப் பேர் ஈழத்தமிழர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தவர்கள், சென்னையில் கலாக்ஷேத்ராவிலோ தனி குருவிடமோ பயின்று வந்தவர்கள் என்று பலர் உண்டு. 'கலாவித்தகர்' என்று ஒரு பட்டம் பெயருக்கு முன்னால் இருந்தால் அது வட இலங்கை சங்கீத சபைத் தேர்வில் பெற்றது. எங்கள் ஊர்ப் பக்கம் அந்தப் பெயரே தெரியாததால் சிலர் குறைவாக நினைத்துவிடுகிறார்கள். அப்படி நினைக்க வேண்டாம். என் மகளின் டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சொல்லித் தந்த அடவுச் சுத்தத்தைச் சென்னையில் பார்த்தவர்களும் பாராட்டினார்கள்.

தேர்வு விஷயத்துக்கு வருவோம். இங்கே பல வகுப்புகள் ஏதாவது ஒரு தேர்வு வாரியத்தோடு சேர்ந்து ஓடுகின்றன. நம்மவர்கள் நடத்தும் ஓ.இ.பி.எல்., ஓஃபால் ஆகியவற்றின் தேர்வுகளில் செய்முறையோடு எழுத்துத் தேர்வும் உண்டு. 1904-ல் தொடங்கிய ஐ.எஸ்.டி.டி. என்ற ஆங்கில நடன ஆசிரியர் சங்கமும் பரதநாட்டியத்துக்கும் கதக்குக்கும் தேர்வு வைக்கிறது. "பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தத் தேர்வு, தேர்வுகளை அங்கீகரிக்கும் அரசு அமைப்பான ஆஃப்க்வாலின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பார்க்கலாம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் புள்ளி அங்கீகாரம் பெற்ற தேர்வின் 6, 7, 8 போன்ற மேல் நிலைகளுக்குத்தான். கீழ் நிலைகளுக்கு இல்லை. தேர்வு இருந்தால் பிள்ளை வீட்டில் பயிற்சி செய்யும், அது நல்லதுதான். ஆனால் வருடம் முழுக்கத் தேர்வுக்கான நடன உருப்படியை மட்டுமே ஆட வைக்கும் வகுப்பில் பிள்ளைக்குக் காலப்போக்கில் ஆசை வற்றிவிடுகிறது. இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்பு பற்றிக் கேட்க நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். குருவிடம் போய்ச் சான்றிதழ் கேட்பதா என்று. கேட்க வேண்டும். வார இறுதி நடன வகுப்புகளைப் பள்ளிக்கூடங்களைப் போல ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பு வந்து சோதிப்பதில்லை. நாளைக்கே யார் வேண்டுமானாலும் வகுப்பு தொடங்கலாம். பிள்ளைகளோடு வேலை செய்பவர்களின் குற்றப் பதிவைப் பார்த்துத் தரும் டி.பி.எஸ். சான்று இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா, ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். கழியால் காலில் தட்டித் திருத்துவது எந்த அளவாக இருந்தாலும் ஏற்க வேண்டாம். ஊரில் அப்படித்தான் கற்றோம் என்று சொல்லிச் சமாதானம் ஆகாதீர்கள்.

கட்டணம் பெரும்பாலும் டெர்முக்கு மொத்தமாக வாங்குவார்கள். ஒரு டெர்மில் எத்தனை வகுப்பு என்று எண்ணி, வகுத்துப் பாருங்கள். சிலர் பத்து வாரம் நடத்துவார்கள், சிலர் பன்னிரண்டு. ஆண்டு விழா உடை, ஒப்பனை, தேர்வுக் கட்டணம், விழாவுக்கு விற்க வேண்டிய டிக்கெட் எல்லாம் தனி. இவற்றையும் சேர்த்து ஒரு வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று, ஏற்கெனவே அங்கே வரும் ஒரு பெற்றோரிடம் கேளுங்கள். வகுப்பைத் தொண்டு நிறுவனமாகப் பதிவு செய்த தமிழ்ப் பள்ளி நடத்துகிறது என்றால் அதன் கணக்கை சேரிட்டி கமிஷன் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஊருக்குப் போகும்போது மேடை உடையை மயிலாப்பூரில் தைத்தால் செலவு குறையும். உள்ளே நிறைய மடித்து விடச் சொல்லுங்கள், இரண்டு வருடம் தாங்கும்.

அரங்கேற்றம் தனிக் கதை. மண்டப வாடகை, பாடகர், தாளம் போட்டுச் சொற்கட்டு சொல்லும் நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், சில சமயம் சென்னையிலிருந்து அழைத்து வரும் கலைஞர்கள், விருந்து என்று பல ஆயிரம் பவுண்டு ஆகிவிடும். ஆறு வயதுப் பிள்ளையைச் சேர்க்கும்போதே இதைப் பேச வேண்டுமா என்றால், ஆம், ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது. "அரங்கேற்றம் செய்யாத பிள்ளைகளுக்கும் வர்ணம், பதம், தில்லானா வரை சொல்லித் தருவீர்களா?" சிலர் தயங்காமல் ஆம் என்பார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். எங்கள் டீச்சர், பிள்ளை முதன்முதலில் சலங்கை கட்டும் சலங்கை பூஜையை எளிமையாக வைத்து, சின்ன அரங்கில் ஆட வைத்தார். என் மகள் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பள்ளித் தேர்வை முடித்த கோடையில் பெரிய மேடை வேண்டாம், இன்னும் கற்கிறேன் என்று அவளே சொன்னாள். அதற்கும் அங்கே இடம் இருந்தது.

கடைசியாகத் தூரம். ஈஸ்ட் ஹாமிலிருந்து வெஸ்ட் கென்சிங்டனுக்கு டிஸ்ட்ரிக்ட் லைனில் மாறாமல் போகலாம், அதுவே முக்கால் மணி நேரத்துக்கு மேல். ஹாரோ என்றால் நகரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை. சனி, ஞாயிறுகளில் பாதைப் பணி என்று ரயிலை நிறுத்திவிடுவார்கள், பேருந்தில் சுற்றிப் போக வேண்டியிருக்கும். பெயர் பெற்ற டீச்சர் தொலைவில் இருக்கிறார், நல்ல டீச்சர் இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி இருக்கிறார் என்றால், சின்ன வயதில் பக்கத்தில் இருப்பவரிடமே அனுப்புங்கள். மழையிலும் குளிரிலும் வாரம் தவறாமல் போக முடிகிற வகுப்பில்தான் அடவு படியும்.

புதிய பிள்ளைகளைப் பெரும்பாலும் செப்டம்பரில் சேர்ப்பார்கள். கோடை விடுமுறையில் டீச்சர்கள் பலர் ஊருக்குப் போய்விடுவதால் ஜூன் மாதத்திலேயே பேசி, விடுமுறைக்கு முன் ஒரு வகுப்பைப் பார்த்துவிடுங்கள். முதல் நாளுக்குப் பருத்திச் சுரிதார் போதும், துப்பட்டாவைக் குறுக்காக இடுப்பில் இறுக்கிக் கட்டிவிடுங்கள். சலங்கை இப்போதைக்கு வாங்க வேண்டாம், எப்போது என்று டீச்சரே சொல்வார்.