மொபைல் ஸ்டார்ட்அப் போட்டிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: விண்ணப்பம் முதல் மேடை வரை

2008 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில், டெக்கிரஞ்ச் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் டெக்கிரஞ்ச்50 என்ற ஸ்டார்ட்அப் போட்டி நடந்தது. முதல் பரிசு, அலுவலகத்துக்குள் பேசிக்கொள்ளும் தளமான யாம்மருக்குப் போனது. அதே மேடையில் ஏறிய, கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் டிராப்பாக்ஸுக்கும், நடையை அளக்கும் கருவி செய்த ஃபிட்பிட்டுக்கும் முதல் பரிசு இல்லை. ஆனால் ஃபிட்பிட் நிறுவனர்கள் ஐம்பது முன்பதிவு வந்தாலே பெரிது என்று நினைத்துப் போனவர்கள். ஒரே நாளில் சுமார் 2,000 பேர் பதிவு செய்துவிட்டார்கள். அப்போது அவர்கள் கையில் இருந்தது ஒரு மாதிரிக் கருவிதான். முழுமையாகச் செய்து வாங்கியவர்களுக்கு அனுப்பத் தொடங்க ஓராண்டுக்கு மேல் ஆனது.

போட்டிகளைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன். நூறு பேர் கலந்துகொண்டால் பரிசு இரண்டு மூன்று பேருக்குத்தான். மற்றவர்கள் எதை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள் என்பதுதான் முக்கியம். அது பெரும்பாலும் முன்தயாரிப்பைப் பொறுத்தது. அந்த முன்தயாரிப்பை முதல் நாளிலிருந்து படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

"இந்தப் போட்டி முடியும்போது என்னிடம் இது இருக்க வேண்டும்" என்று தொடங்கி ஒரே ஒரு பதில் எழுதுங்கள். பணமாக இருக்கலாம். ஆப்பைப் பயன்படுத்தும் முதல் நூறு பேராக இருக்கலாம். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஆளைச் சந்திப்பது, வழிகாட்ட ஒரு நல்ல மென்டர், கூட வேலை செய்ய ஒரு டெவலப்பர், எதுவானாலும் சரி. இரண்டு பதில் எழுதினால் எந்தப் போட்டிக்குப் போவது என்பதிலேயே குழம்பிவிடுவீர்கள்.

எழுதிய வரி தெளிவாக இல்லையென்றால் இந்த மாதம் எந்தப் போட்டிக்கும் போக வேண்டாம். அந்த நேரத்தை ஆப்புக்கே கொடுங்கள்.

படி 2: உங்கள் நிலைக்கு ஏற்ற போட்டியைத் தேடுங்கள்

யோசனை மட்டும் இருக்கிறது, ஆப் இன்னும் இல்லை என்றால் ஹேக்கத்தான் சரியான இடம். ஓரிரு நாளில் ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். குழு அரட்டை ஆப்பான குரூப்மீ, 2010 மே மாதம் நியூயார்க்கில் நடந்த டெக்கிரஞ்ச் டிஸ்ரப்ட் ஹேக்கத்தானில்தான் உருவானது. 2011 ஆகஸ்டில் ஸ்கைப் அதை வாங்கியது. ஹேக்கத்தானின் பெரிய பலன் என்னவென்றால், உங்களோடு வேலை செய்யக்கூடியவர் யார் என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு ஒரு பிழையைச் சேர்ந்து தேடும்போது ஒருவரைப் பற்றித் தெரிவது ஆறு மாதப் பேச்சில்கூடத் தெரியாது.

ஆப் இருக்கிறது, கொஞ்சம் பயனர்களும் இருக்கிறார்கள் என்றால், மேடையேறிச் சில நிமிடங்களில் உங்கள் தொழிலை நடுவர்களுக்கு விளக்கும் பிட்ச் போட்டிகள். டெக்கிரஞ்சின் ஸ்டார்ட்அப் பேட்டில்ஃபீல்டு, ஹெல்சின்கியில் நடக்கும் ஸ்லஷ், பார்சிலோனாவில் மொபைல் வேர்ல்டு காங்கிரஸோடு சேர்ந்து 2014 முதல் நடக்கும் 4ஒய்எஃப்என் ஆகியவை இந்த வகையில் பெரிய பெயர்கள். மொபைல் துறைக்காரர்களைச் சந்திக்க வேண்டும் என்று முதல் படியில் எழுதியிருந்தால் பார்சிலோனாவைத் தாராளமாக மனதில் வையுங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள், கைபேசித் தயாரிப்பாளர்கள், சிப் தயாரிப்பாளர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் கூடுவது அங்கேதான்.

இயங்குதள நிறுவனங்கள் நடத்தும் சவால்களும் உண்டு. ஆண்ட்ராய்டு ஃபோன் ஒன்றுகூடக் கடைக்கு வராத காலத்தில், 2007 நவம்பரில், கூகுள் ஒரு டெவலப்பர் சவாலை அறிவித்தது. முதல் சுற்றில் தேர்வான 50 ஆப்களுக்குத் தலா 25,000 டாலர் கொடுத்தார்கள். முதல் ஆண்ட்ராய்டு ஃபோன் விற்பனைக்கு வந்ததே 2008 அக்டோபரில்தான். புது இயங்குதளம் வரும்போது இப்படி முன்கூட்டியே உள்ளே போகிறவர்களுக்கு, கூட்டம் சேரும் முன் இடம் கிடைக்கிறது.

மொபைல் நிறுவனங்களின் உலக அமைப்பான ஜிஎஸ்எம்ஏ வழங்கும் குளோபல் மொபைல் அவார்ட்ஸ் போன்ற விருதுகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சந்தையில் நிலைத்த தயாரிப்புகளுக்குத்தான் அவை பொருந்தும்.

படி 3: விதிமுறைகளை வரிக்கு வரி படியுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். பிறகு வருந்துகிறவர்களும் அவர்கள்தான். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் கேள்வி, பரிசு என்ன வடிவத்தில் வருகிறது என்பது. ஸ்டார்ட்அப் பேட்டில்ஃபீல்டு பரிசு 1,00,000 டாலர்; அதற்காக நிறுவனத்தில் பங்கு எதுவும் கேட்பதில்லை. ஸ்லஷ் போட்டியில் சமீப ஆண்டுகளில் வென்றவர்களுக்கு அறிவிக்கப்பட்டது 10 லட்சம் யூரோ முதலீடு. முதலீடு என்றால் பதிலுக்குப் பங்கு போகும். தொகையை மட்டும் பார்த்து ஒன்று பெரிது, மற்றது சிறிது என்று சொல்லிவிட முடியாது. சில போட்டிகளில் பரிசின் பெரும்பகுதி கிளவுட் கிரெடிட்டாகவோ (இணையச் சர்வர்களைப் பயன்படுத்தத் தரும் வரவு) அலுவலக இடமாகவோ வரும். உங்களுக்குத் தேவைப்பட்டால் அதுவும் நல்ல பரிசுதான், ஆனால் அதை வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது.

இரண்டாவது, நீங்கள் எழுதும் நிரலும் யோசனையும் யாருக்குச் சொந்தம்? ஹேக்கத்தான்களில் இதைக் கட்டாயம் பாருங்கள். படைப்பை நடத்துநர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம், நிறுவனத்தை வாங்குவதில் முன்னுரிமை கேட்கலாம் என்பது போன்ற வரிகள் நடுப்பக்கத்தில் இருக்கக்கூடும். புரியாத வரி இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மூன்றாவது காப்புரிமை. உங்கள் ஆப்புக்குள் புதிய தொழில்நுட்பம் ஏதாவது இருந்து, அதற்குக் காப்புரிமை கேட்கும் எண்ணம் இருந்தால் மேடையேறும் முன் விண்ணப்பித்துவிடுங்கள். அமெரிக்காவில் பொதுவெளியில் வெளியிட்ட பிறகும் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பிய காப்புரிமை முறையில், சில அரிய விதிவிலக்குகளைத் தவிர, அந்த அவகாசம் கிடையாது. விண்ணப்பிக்கும் முன் மேடையில் விளக்கிவிட்டால் "புதிது" என்ற தகுதியே போய்விடும்.

பங்கேற்கக் கட்டணம் கேட்டால்? கண்காட்சியில் மேசைக்குக் கட்டணம் வாங்குவது வேறு. பிட்ச் செய்ய அனுமதிப்பதற்கே பெரிய தொகை கேட்கிற போட்டிக்கு நான் போக மாட்டேன், உங்களையும் போகச் சொல்ல மாட்டேன்.

படி 4: விண்ணப்பம்

விண்ணப்பத்தைப் படிப்பவர் ஒரே நாளில் பல விண்ணப்பங்களைப் படிக்கிறார். எனவே முதல் இரண்டு வரியில் யாருக்கு, என்ன சிக்கல், ஆப் என்ன செய்கிறது என்ற மூன்றும் வந்துவிட வேண்டும். "புரட்சிகரமான தளம்" மாதிரியான சொற்களை வெட்டிவிடுங்கள். "செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஃபோன் அழைப்பை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் ஆப்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு காட்சி தெரிகிறது.

எண்கள் கேட்டால் டவுன்லோடு எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். நிறுவியவர்களில் ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எழுதுங்கள். 300 பேர் நிறுவி அதில் 90 பேர் ஒரு மாதம் கழித்தும் பயன்படுத்தினால், 10,000 பேர் நிறுவிவிட்டு மறந்துபோன ஆப்பைவிட உங்களைத்தான் கவனிப்பார்கள்.

படி 5: மேடைப் பேச்சு

நேரம் மூன்று நிமிடமோ ஆறு நிமிடமோ, ஒதுக்கியதில் பத்தில் ஒன்பது பங்கில் முடியும்படி தயாரியுங்கள். ஒரு பயனரின் ஒரு நாளில் வரும் சிக்கலோடு தொடங்கி நேராக டெமோவுக்குப் போங்கள். சந்தையின் அளவு, வருமானம் வரும் வழி, குழு எல்லாம் அதற்கு அப்புறம். ஸ்லைடில் இருப்பதையே வாசிக்காதீர்கள். ஆப்பைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் பேசிக் காட்டி, "நாங்கள் என்ன செய்கிறோம், நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் திணறும் இடத்தில்தான் பேச்சைத் திருத்த வேண்டும்.

படி 6: டெமோ

மொபைல் ஸ்டார்ட்அப்களுக்கே உரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நான் கலந்துகொண்ட ஒரு போட்டியில், காலை ஒத்திகையில் அழகாக ஓடிய ஆப், அரங்கம் நிறைந்ததும் சுற்றிக்கொண்டே நின்றது. நூற்றுக்கணக்கான ஃபோன்கள் அதே வைஃபையில் இருந்தன. நாற்பது நொடி மௌனம். எனக்கு அது நாற்பது நிமிடமாகத் தெரிந்தது. அன்றிலிருந்து டெமோ ஃபோனைத் தனியாக வைத்திருக்கிறேன்.

அந்த ஃபோனில் உங்கள் ஆப்பைத் தவிர வேறு கணக்கு எதுவும் வேண்டாம். அறிவிப்புகளையும் அழைப்புகளையும் நிறுத்துங்கள். திரை தானாக அணையாமலும், ஆப் தானாக அப்டேட் ஆகாமலும் அமைத்துவிடுங்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்குங்கள். திரையைப் புரொஜெக்டரில் காட்ட வயர் இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அடாப்டரை நீங்களே கொண்டுபோங்கள். இணையம் இல்லாமலும் ஓடும்படி மாதிரித் தரவை ஃபோனுக்குள்ளேயே வைத்த ஒரு பதிப்பு வேண்டும். அதுவும் கைவிட்டால் காட்ட, ஒரு நிமிட வீடியோப் பதிவு லேப்டாப்பில் இருக்கட்டும். வீடியோவுக்கு மாறும்போது "இது பதிவு செய்தது" என்று சொல்லிவிடுங்கள். நடுவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மறைத்தால்தான் நம்பிக்கை போகும்.

நடுவர்கள் தங்கள் ஃபோனில் ஆப்பைப் பார்க்க விரும்பினால், சோதனைப் பதிப்பைச் சிலருக்கு மட்டும் தர ஐஃபோனுக்கு ஆப்பிளின் டெஸ்ட்ஃபிளைட்டும் ஆண்ட்ராய்டுக்கு கூகுள் பிளேயின் உள் சோதனைத் தடமும் இருக்கின்றன. டெஸ்ட்ஃபிளைட்டில் ஏற்றும் பதிப்பு 90 நாளில் காலாவதியாகிவிடும் என்பதை மறக்காதீர்கள். விண்ணப்பத்தோடு அனுப்பிய இணைப்பை இறுதிச் சுற்றின்போது ஒருவர் திறந்து பார்த்தால் ஆப் திறக்காமல் போகலாம். நாட்காட்டியில் குறித்து வைத்து, அதற்கு முன்பே புதுப் பதிப்பை ஏற்றுங்கள்.

படி 7: நடுவர்களின் கேள்விகள்

என்னைக் கேட்டால் போட்டியின் உண்மையான பரிசு இந்தச் சில நிமிடங்கள்தான். அனுபவமுள்ள நான்கைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து உங்கள் தொழிலின் பலவீனத்தைத் தேடுகிறார்கள். வெளியே இதற்குக் காசு கொடுத்தாலும் கிடைப்பது கடினம்.

இரண்டு கேள்விகளுக்குக் கட்டாயம் பதில் தயாராக இருக்க வேண்டும். ஒன்று, "ஆப்பிளோ கூகுளோ இதைத் தங்கள் ஃபோனிலேயே சேர்த்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" ஐஃபோனில் ஒருகாலத்தில் டார்ச் ஆப்களுக்கு அவ்வளவு தேவை இருந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது விரலால் திரையைத் தள்ளி ஒரு பொத்தானைத் தட்டினால் டார்ச் எரிந்தது, தனி ஆப்புக்கான தேவை அங்கேயே சுருங்கியது. உங்களிடம் மட்டும் இருக்கும் தரவு, பயனர்களுக்கு இடையிலான தொடர்பு, குறிப்பிட்ட தொழில் அறிவு என ஏதாவது ஒன்றைக் காட்ட முடிய வேண்டும்.

மற்றொன்று, "ஸ்டோர் கமிஷன் போக என்ன மிஞ்சும்?" ஆப்பிள் ஆப் ஸ்டோரில் நெடுங்காலமாக வழக்கமான கமிஷன் 30 சதவீதம், ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறு டெவலப்பர்களுக்கு 2021 முதல் 15 சதவீதம் என்ற திட்டம் இருக்கிறது. எந்த விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டீர்கள், ஒரு பயனரைக் கொண்டுவர எவ்வளவு செலவாகிறது என்று ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும்.

பதில் தெரியாத கேள்விக்கு, "இதை இன்னும் கணக்கிடவில்லை, பார்த்துவிட்டு அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். அப்புறம் உண்மையிலேயே அனுப்புங்கள். கூட வந்தவர் ஒருவர் எல்லாக் கேள்விகளையும் வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளட்டும். மேடையில் நிற்பவருக்குப் பாதிகூட நினைவிருக்காது.

படி 8: மேடையிலிருந்து இறங்கியதும்

முதல் படியில் எழுதிய வரியைத் திரும்ப எடுங்கள். பயனர்கள்தான் நோக்கம் என்றால் அன்று இரவே வந்து குவியக்கூடியவர்களுக்குச் சர்வர் தாங்குமா, பெயர் பதிவு செய்யும் பக்கம் சரியாக வேலை செய்கிறதா என்று முன்னரே பார்த்திருக்க வேண்டும். ஆள்தான் நோக்கம் என்றால், சந்தித்தவர்களுக்கு இரண்டு நாளுக்குள் எழுதுங்கள். "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி" மட்டும் போதாது. அவர் கேட்ட கேள்வியைக் குறிப்பிட்டு, அதற்கான பதிலையும் சேர்த்து எழுதுங்கள்.

தேர்வாகவில்லை என்றால் நடத்துநர்களிடம் நடுவர்களின் கருத்தைக் கேளுங்கள். பலர் தருவார்கள். எழுதி வைத்த கேள்விகளில் எவை இரண்டு போட்டிகளில் திரும்பத் திரும்ப வந்தன என்று பாருங்கள். மூன்றாவது விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஆப்பில் மாற்ற வேண்டியது அந்தக் கேள்வி சுட்டும் இடத்தைத்தான்.