கச்சேரியில் இரைச்சல் வராமல் கேபிள் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருவையாறு பக்கம் ஒரு கோயிலில் வீணைக் கச்சேரி. ஆலாபனை தொடங்கும் முன்பே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். வீணையின் மெல்லிய கமகங்களை அது அப்படியே விழுங்கிவிட்டது. தேடிப் பார்த்தால், வீணையில் ஒட்டிய காண்டாக்ட் மைக்கிலிருந்து மிக்ஸர் வரை 15 மீட்டருக்கு சாதாரண மோனோ கேபிள் (சிக்னலுக்கு ஒரே கம்பி உள்ளது), அதுவும் சீரியல் பல்பு வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தது. மைக் செட் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஐந்து மீட்டருக்குள் என்றால் மோனோ ஜாக் கேபிள் போதும். அதைத் தாண்டினால் பேலன்ஸ்டு கேபிள்தான்.

அது என்ன பேலன்ஸ்டு? அந்தக் கேபிளின் எக்ஸ்எல்ஆர் என்ற முனையில் மூன்று பின் இருக்கும். 1 ஷீல்டு (வெளி இரைச்சலைத் தடுக்கும் உறை), 2 சிக்னல், 3 அதே சிக்னல் தலைகீழாக. வழியில் நுழையும் இரைச்சல் 2, 3 இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகும், வாத்தியம் மட்டும் மிஞ்சும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மோனோ கேபிளும் இந்த வேலையைச் செய்யாது.

ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் மோனோ ஜாக் வைத்த மலிவான மைக் கேபிள்களைக் கண்டு ஏமாறாதீர்கள். அவை பேலன்ஸ்டு இல்லை. ஜாக்கில் கறுப்பு வளையம் ஒன்று இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் டிஆர்எஸ், அதாவது பேலன்ஸ்டு சிக்னலையும் கொண்டுபோகக்கூடிய ஜாக்.

காண்டாக்ட் மைக் தருவது பேலன்ஸ்டு இல்லாத சிக்னல். அதனால் அதைப் பேலன்ஸ்டாக மாற்றும் டிஐ பாக்ஸைக் கலைஞர் பக்கத்திலேயே வையுங்கள். அதுவரை சின்ன கேபிள், அங்கிருந்து மிக்ஸர் வரை எக்ஸ்எல்ஆர்.

அடுத்து ஷீல்டு. கனெக்டரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். தினமும் சுற்றி எடுக்கும் கேபிளுக்கு நெருக்கமாகப் பின்னிய செம்பு வலை வேண்டும். ஃபாயில் மட்டும் உள்ளது மடங்கி மடங்கிக் கிழிந்துவிடும். ஸ்பீக்கர் வயரில் ஷீல்டே இருக்காது, அதை மைக்குக்குப் போடாதீர்கள். மைக் கேபிளை ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் போட்டாலும் தப்பு, மெல்லிய கம்பி சூடாகிவிடும்.

சரி, இழுக்கும்போது கரண்ட் வயரை விட்டு விலக்கி இழுங்கள். கடந்தே ஆகவேண்டிய இடத்தில் குறுக்காக, கூட்டல் குறி போலக் கடக்கட்டும். மிக்ஸரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுத்தால் எர்த் லூப் இரைச்சலும் (கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகிவிடுவதால் வருவது) குறையும். அதற்காகப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மார்கழிப் பனியில் நனைந்த தரையில் நின்று மைக்கைப் பிடிப்பவரின் உயிர் அது.

இத்தனைக்கும் பிறகு இரைச்சல் இருந்தால், மிக்ஸரில் ஒவ்வொரு சேனலாக மியூட் செய்யுங்கள். எந்தச் சேனலை மியூட் செய்ததும் இரைச்சல் அடங்குகிறதோ, அந்தச் சேனலின் கேபிளை முதலில் மாற்றுங்கள். எல்லாவற்றையும் மியூட் செய்தும் கேட்டால், மிக்ஸருக்கு அப்புறம் ஆம்ப்ளிஃபையர் பக்கம் தேடுங்கள்.