பன்னிரண்டு மணிக்கு வேடந்தாங்கல்: சின்னப் பிள்ளைகளின் இயற்கை உலாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யுகேஜி பிள்ளைகள் 42 பேரோடு முதன்முதலாக நான் வேடந்தாங்கலுக்குப் போனபோது, பேருந்து ஏரிக்கரையில் நின்ற நேரம் பகல் 12.10. ஏழரைக்கே கிளம்புவதாகத்தான் திட்டம். தாமதமாக வந்த அம்மாக்கள், ஒன்றுக்குப் போக இரண்டு நிறுத்தம், மூன்று வாந்தி என்று எல்லாம் சேர்ந்து மதியமாகிவிட்டது. உச்சி வெயில். பார்வை மேடையின் கைப்பிடிச் சுவர் பிள்ளைகளின் தலைக்கு மேலே இருந்தது. ஒவ்வொருவராகத் தூக்கி, விரலை நீட்டி, "பாத்தியா?" என்று கேட்டோம். "பாத்தேன் மிஸ்" என்றார்கள். அவர்கள் பார்த்தது என் விரலைத்தான்.

திரும்பும்போது ஒரு பெண் குழந்தை என் கையில் எதையோ திணித்தாள். ஏரிக்கரை மண்ணில் கிடந்த காலி நத்தை ஓடு. அவளுக்கு அன்றைய வேடந்தாங்கல் அதுதான். அந்த ஓட்டுக்கும் மரத்தில் இருந்த நத்தைகுத்தி நாரைக்கும் என்ன தொடர்பு என்று சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. அந்த நாரையின் மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாது, இடைவெளி இருக்கும். நத்தையை ஓட்டிலிருந்து பிரித்துத் தின்ன ஏற்ற அலகு அது. குஞ்சுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். பால்பல் விழுந்துகொண்டிருக்கும் வயதில் ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பிடித்த செய்தி இருக்குமா? கையில் ஓட்டோடு நின்றவளிடம் "குப்பையைக் கீழே போடும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் பல உலாக்கள் போயாகிவிட்டது. நாம் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். போகிற இடத்தை மனதில் வைத்துத் திட்டம் போடுகிறோம். போகிறவர் மூன்றரை அடி உயரம் என்பது நினைவில் இருப்பதில்லை.

தூரமும் நேரமும்

சென்னையிலிருந்து வேடந்தாங்கல் 75 கிலோமீட்டருக்கு மேல். போகவர ஐந்து மணி நேரம் பேருந்தில் போய்விட்டால், ஏரிக்கரையில் கிடைப்பது முக்கால் மணி நேரம். அதிலும் பாதி குரூப் போட்டோவுக்குப் போய்விடும். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு என் கணக்கு எளிது: ஒரு வழிப் பயணம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டினால் வேண்டாம். பக்கத்து ஏரி, கோயில் குளம், நெல்வயல், கல்லூரி வளாகம், ஒன்றுமே இல்லாவிட்டால் பள்ளிக்குப் பின்னால் நிற்கும் வேப்பமரம் போதும்.

அப்படியும் வேடந்தாங்கல்தான் என்றால் மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளாகப் பார்த்து, மாலை நான்கு மணிக்கு அங்கே இருக்கிற மாதிரிப் போங்கள். பகலெல்லாம் சுற்றுவட்டார வயல்களில் மேய்ந்த பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். நாரைகள் நீர்க்கடம்பு மரங்களில் வந்து இறங்கும். அவை அடையும் நேரத்தில் இராக்கொக்குகள் "வக் வக்" என்று கத்திக்கொண்டு இரை தேடக் கிளம்பும். ஷிப்ட் மாறுகிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அப்பா நைட் டியூட்டி போகிற வீடுகள் நம் வகுப்பில் எத்தனை!

மாதமும் முக்கியம். நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் சீசன், அதுவும் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பியிருந்தால். மழை பொய்த்த வருடம் பள்ளி நாட்காட்டியில் தேதி அச்சாகிவிட்டதே என்று போனால் வெறும் மரங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். கிழமையையும் பாருங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இப்படி ஒரு விடுமுறை நாளில், பூட்டிய கேட்டுக்கு முன்னால் 60 பிள்ளைகளோடு நான் நின்றிருக்கிறேன். அன்று பிள்ளைகள் கேட்டின்மேல் ஓடிய அணிலைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் திரும்பினார்கள். தாளாளர் சந்தோஷப்படவில்லை.

முன்னாடியே போய்ப் பார்க்காதது

ஒரு வாரம் முன்னால் ஓர் ஆசிரியர் அதே நேரத்துக்கு அங்கே போய்வர வேண்டும். கூகுள் மேப் இதற்கு உதவாது. கழிப்பறை எங்கே, அதன் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா, சாப்பிட உட்கார நிழல் உண்டா, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கிறதா, மேல்நிலைத் தொட்டியிலோ பாலத்துக்கு அடியிலோ மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேன்கூடு இருந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. மழை முடிந்த கையோடு ஏரிக்குள் இறக்கவும் கூடாது. மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாது.

ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. தண்ணீர் இருக்கும் இடமென்றால் மூன்றுக்கு ஒருவர். வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பேருந்தில் இருக்கும் பையில் அல்ல, கூட நடக்கும் ஆசிரியரின் தோளில் இருக்க வேண்டும். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனை எது என்றும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். இத்தனை வருடத்தில் எனக்கு இது தேவைப்பட்டதில்லை. முழங்காலில் சிராய்ப்புக்குப் பஞ்சும் மருந்தும்தான் தீர்ந்துகொண்டே இருக்கின்றன.

"தொடாதே" என்றே நாளைக் கழிப்பது

வெள்ளை ஷூ, இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், மண் பட்டால் வீட்டில் திட்டு. இப்படி ஒரு பிள்ளையை வெளியே கூட்டிப்போனால் நாள் முழுக்க நாம் சொல்வது ஒரே வார்த்தைதான். பழைய உடை, செருப்பு, மாற்றுத் துணி ஒரு செட் என்று பெற்றோருக்கு முதலிலேயே எழுதிவிடுங்கள்.

எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டால் பிள்ளைக்கு எது உண்மையிலேயே ஆபத்து என்று தெரியாமல் போகும். எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் அதட்டினால், குன்றிமணிக்கும் புளியங்கொட்டைக்கும் அவனுக்கு வித்தியாசம் இருக்காது. அது பெரிய வித்தியாசம். சிவப்பும் கறுப்புமாகப் பளபளக்கும் குன்றிமணி, பிள்ளை கண்ணில் பட்டதும் சட்டைப்பைக்குள் போகும். கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்தான விஷம். பொன்னரளி என்கிற மஞ்சள் அரளி பூங்காக்களிலும் சாலை நடுவிலும் சாதாரணமாக நிற்கிறது. அதன் கொட்டையை வைத்து விளையாடித்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். உள்ளே போனால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு அது. ஆமணக்கு விதை, ஊமத்தங்காய் இரண்டும் கொடிய விஷம்தான். எருக்கஞ்செடியை ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் கருவிழி கெடும். இந்த ஐந்தையும் கிளம்புவதற்கு முதல் நாள் வகுப்பில் படமாகக் காட்டி, "இதுக்கு மட்டும் கை கட்டிக்கணும்" என்று சொல்லிவிடுங்கள். திரும்பி ஏறும்போது சட்டைப்பைகளையும் ஒருமுறை பாருங்கள். அள்ளி வந்த விதைகளை வகுப்பில் கொட்டிப் பார்க்கலாம் என்று நான் ஒரு வருடம் சொன்னதில் ஒரு டப்பா நிறையக் குன்றிமணி வந்து சேர்ந்தது.

மிச்சத்தில் பெரும்பாலானவற்றைத் தொடலாம். தொட்டாற்சுருங்கி, வேப்பம்பட்டை, பாசி பிடித்த கல், ஈர மண். மரவட்டையைக் குச்சியில் ஏற்றிப் பார்க்கலாம். கையில் எடுத்தால் சில வகைகள் கறை படிகிற நீரைக் கக்கும். மரவட்டைக்கும் பூரானுக்கும் வித்தியாசம் தெரியாத ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நானே இருந்தேன். மரவட்டைக்கு உடலின் ஒவ்வொரு வளையத்திலும் பெரும்பாலும் இரண்டு ஜோடிக் கால், மெதுவாக ஊரும், சீண்டினால் சுருளும். பூரானுக்கு வளையத்துக்கு ஒரு ஜோடிதான், தட்டையாக இருக்கும், வேகமாக ஓடும், கடிக்கும். கம்பளிப்பூச்சி பக்கம் கையே போக வேண்டாம்.

பெயர்ப் பட்டியலும் பைனாகுலரும்

20 பறவைப் பெயரை ஒர்க்‌ஷீட்டில் அடித்துக் கொடுத்து டிக் போடச் சொல்வது பெரிய வகுப்புக்கே அலுப்பு. சின்னவன் பறவையைப் பார்க்க மாட்டான், பக்கத்துப் பையனின் தாளைப் பார்ப்பான். "அது என்ன செய்யுது?" என்று மட்டும் கேளுங்கள். "உடம்பைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு தலையை மட்டும் நீட்டி பாம்பு மாதிரி எட்டிப் பாக்குது" என்று ஒருவன் சொன்னால், பாம்புத்தாராவுக்கு அந்தப் பெயரை வைத்தவரும் அவனும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

பெயர் சொல்வதானால் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலவழிப் பள்ளியானாலும் சரி. "டிராங்கோ பார்த்தேன்" என்று வீட்டில் போய்ச் சொன்னால் பாட்டிக்கு ஒன்றும் புரியாது. "ரெட்டைவால் குருவி" என்று சொல்லிப் பாருங்கள். மாட்டு முதுகில் உட்கார்ந்து வரும் அது, காக்காயையே விரட்டும் அது என்று பாட்டி அரை மணி நேரம் பேசுவார். அந்த அரை மணி நேரத்தை நம்மால் நடத்த முடியாது.

பைனாகுலர் வேண்டாம். பெரியவர்களுடையதை எவ்வளவு மடக்கினாலும் பிள்ளையின் இரண்டு கண்ணுக்கும் பொருந்தாது, கழுத்தும் வலிக்கும். அட்டையைச் சுருட்டி ஒரு குழாய் செய்து கொடுங்கள். எதையும் பெரிதாக்காது, ஆனால் மற்றதையெல்லாம் மறைத்துவிடும். அலையும் கண்ணுக்கு அதுதான் தேவை.

திரையில் காட்டும்போது

ஆன்லைன் உலா என்று 50 பிள்ளைகளை ஒரு மணி நேரம் திரை முன்னால் உட்காரவைப்பது கொரோனா காலத்தோடு போயிருக்க வேண்டிய பழக்கம். அந்தக் காலத்திலேயே, 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த பிரக்யாதா வழிகாட்டுதல், மழலையர் வகுப்புக்கு நாளுக்கு 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது. என் அனுபவத்தில் பத்து நிமிடமே தாராளம்.

இன்னொரு தவறு, நாளைக்கு நேரில் பார்க்கப் போவதை இன்றே திரையில் காட்டிவிடுவது. பாய்ந்து மானை அடிக்கும் புலியை வீடியோவில் பார்த்துவிட்டு வண்டலூருக்கு வருகிறவன், நிழலில் படுத்துத் தூங்கும் புலியைப் பார்த்து "மிஸ், இது ரிப்பேரா?" என்றான். சிரித்துவிட்டேன். ஆனால் தப்பு என்னுடையதுதான். நேரில் பார்க்க முடியாததற்குத்தான் திரை.

கடலாமையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக் கடற்கரைக்கு ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும். மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். அந்த நடை யுகேஜி பிள்ளைக்கு ஆகாது. நடுராத்திரி, பல கிலோமீட்டர் மணல், ஆமை வராமலும் போகலாம். அதனால் ஆமை குழி தோண்டி முட்டையிடும் வீடியோவை மட்டும் வகுப்பில் போட்டோம். பின்னணிப் பேச்சை அணைத்துவிட்டு ஆறே நிமிடம். முட்டைகள் சொத்சொத்தென்று விழுவதை எண்ணத் தொடங்கியவர்கள் இருபதோடு குழம்பினார்கள். ஒரு குழியில் நூற்றுக்கும் மேல் இருக்கும்.

அன்றிலிருந்து கரும்பலகையின் ஓரத்தில் நாளுக்கு ஒரு புள்ளி. குஞ்சு பொரிய ஏறத்தாழ 45 முதல் 50 நாள் ஆகும். நாற்பதைத் தாண்டியதும் "இன்னிக்கா மிஸ்?" என்று தினமும் கேட்டார்கள். பொரிப்பகத்தில் முன்கூட்டியே பேசி வைத்திருந்து, ஒரு மாலை பெற்றோரோடு கடற்கரைக்கு வரச் சொன்னோம். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் குஞ்சுகள் மணலில் துடுப்புப் போட்டுப் போயின. ஒன்று வழி தவறித் திரும்பியது. "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று 30 பிள்ளைகள் கத்தினார்கள். ஓர் அப்பா செல்போன் ஃபிளாஷைப் போட்டதுதான் காரணம். குஞ்சுகள் வெளிச்சம் அதிகமுள்ள பக்கம் போகும் என்பதை வகுப்பில் கேட்டிருந்த ஒருத்தி, "அங்கிள், லைட்டை ஆஃப் பண்ணுங்க" என்று அதட்டினாள். பெற்றோருக்கும் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது.

வீடியோவை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாமல் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் விளம்பரம் வந்து காரியத்தைக் கெடுக்கும். குரலைக் கேட்டுப் பறவையைச் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் நல்லவைதான். ஆனால் போன் ஆசிரியரின் பைக்குள் இருக்கட்டும். வெளியே எடுத்தால் 30 தலையும் மரத்தை விட்டுவிட்டுப் போனைப் பார்க்கும். பிள்ளைகளின் முகமும் இடமும் தெரிகிற படங்களைப் பொதுவில் ஏற்ற வேண்டாம்.

மறுநாள் கட்டுரை

"நான் சென்ற இன்பச் சுற்றுலா" என்று பத்து வரி எழுதச் சொல்வதை விட்டுவிடலாம். இப்போதுதான் எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்கு அது தண்டனை. படம் போடட்டும், மண்ணில் செய்யட்டும், பாட்டியிடம் கேட்டு வந்து சொல்லட்டும்.

ஒரே தடவையோடு நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு. வருடத்துக்கு ஒரு பெரிய பயணத்துக்கு வாங்கும் பணத்தில், பக்கத்து மரத்துக்கு மாதம் ஒருமுறை என்று பத்துத் தடவை போய்வரலாம், பணமும் மிஞ்சும். ஒரே மரத்தை வாரவாரம் பார்த்துத் தளிர், பூ, காய் எனக் குறித்துவைக்கும் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் இந்தியா முழுக்கப் பள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. எங்கள் வகுப்புக்கு ஒரு புங்கை. மாசியில் அது இலையெல்லாம் கொட்டி நின்றபோது, "செத்துப்போச்சு" என்று ஒருவன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு வந்தான். அடுத்த உலாவில் மரம் முழுக்க வெளிர்பச்சைத் தளிர். தன் தண்ணீரால்தான் வந்தது என்று அவன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் இன்னும் திருத்தவில்லை. அடுத்த மாசியில் இலை கொட்டும்போது அவனே பார்த்துக்கொள்வான்.