மானிட்டர் வாங்கும்போது பணம் எதற்குப் போகிறது?

மானிட்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது 'எத்தனை இன்ச்?' என்றுதான். பல தவறுகள் அங்கேயே தொடங்கிவிடுகின்றன. 1920×1080 பிக்சல் (படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள்) உள்ள 24 இன்ச் திரையில் ஓர் இன்ச்சுக்கு ஏறக்குறைய 92 பிக்சல் வரும். அதே பிக்சல்களை 27 இன்ச்சில் பரப்பினால் 82தான். திரை பெரிதானதே தவிர, அதில் கூடுதலாக ஒரு வரி கூட அடங்காது. எழுத்து மட்டும் ஊதிப்போய், ஓரம் பிசிறடித்துத் தெரியும்.

தமிழ் படிப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் உறுத்தும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று படித்து வளர்ந்தோம். சிறிய எழுத்தில் அந்தச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் ஒன்றிரண்டு பிக்சல் அகலம்தான். அது அடைபட்டால் கண் ஒவ்வொரு சொல்லையும் ஊகித்துத்தான் படிக்க வேண்டும். நாள் முழுக்க இப்படிப் படித்தால் சாயங்காலம் கண் சோர்ந்துபோவதில் ஆச்சரியமில்லை. அதனால் 24 இன்ச்சுக்கு 1080 போதும், 27 இன்ச் என்றால் 2560×1440 வேண்டும் (அதில் இன்ச்சுக்கு 109 பிக்சல் கிடைக்கும்), 32 இன்ச் என்றால் 4கே (3840×2160) பக்கம் போங்கள். பணம் இடிக்கிறதா? பெரிய மங்கலான திரையை விட, சிறிய தெளிவான திரையை எடுங்கள். எழுத்து வேலை செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்து, விலை கூடிய மானிட்டர்களில் நடக்கும் தவறு. பெட்டியில் எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி) என்று போட்டிருந்தால் அதற்காகவே பலர் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். எச்டிஆர்10 'ஆதரவு' என்றால் அந்த வகை சிக்னலை மானிட்டர் ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். அதை நன்றாகக் காட்டும் என்று பொருள் இல்லை. டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 என்ற சான்றிதழ் 400 நிட்ஸ் வெளிச்சத்தைக் கேட்கிறது. ஆனால் திரையின் இருட்டான பகுதியை மட்டும் தனியாக மங்கச் செய்யும் வசதி அதற்குக் கட்டாயம் இல்லை. இரவு வானத்தில் நிலா வரும் காட்சியை ஓட்டிப் பாருங்கள்: நிலா பளிச்சென்று வரும்போது வானமும் சேர்ந்து சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். உண்மையான எச்டிஆர் வேண்டுமென்றால் ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை), அல்லது பின்விளக்கு நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரிந்த மினி எல்இடி. அந்த விலைக்குப் போக முடியாவிட்டால் எச்டிஆரை மறந்துவிடலாம். ஒரு நஷ்டமும் இல்லை.

சரி, ஓஎல்இடியே வாங்கிவிடலாமா? படம் பார்க்கவும் விளையாடவும் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் தினமும் எட்டு மணி நேரம் ஒரே எக்செல் தாளும் கீழே அசையாத டாஸ்க்பாரும் இருக்கும் வேலைக்கு யோசிக்க வேண்டும். மாறாத படம் நாளடைவில் திரையில் தடமாகப் பதிந்துவிடலாம். வாரண்டியில் இந்தத் தடம் பதிதல் சேர்ந்திருக்கிறதா என்று படித்துவிட்டு முடிவெடுங்கள். அலுவலக வேலைக்கு, பின்விளக்கு உள்ள எல்சிடி திரைகளில் ஒரு வகையான ஐபிஎஸ் பேனல் இன்றும் நல்ல தேர்வு. எல்சிடியின் இன்னொரு வகையான விஏ பேனலில் கறுப்பு ஐபிஎஸ்ஸை விட ஆழமாக இருக்கும், ஆனால் பல மாடல்களில் இருண்ட பின்னணியில் பக்கத்தை வேகமாக உருட்டினால் எழுத்துக்குப் பின்னால் நிழல் இழுபடும்.

ரெஃப்ரெஷ் ரேட்டில், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதில், ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 120இல் 8.3, 240இல் 4.2. முதல் தாவலில் 8 மில்லிசெகண்டுக்கு மேல் லாபம், இரண்டாவதில் அதில் பாதி. முதல் மாற்றம் யார் கண்ணுக்கும் தெரியும். இரண்டாவது, போட்டிக்கு விளையாடுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் பயன்படும். இதைவிட வருத்தமான ஒன்றைப் பார்த்திருக்கிறேன்: 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை ஆசையாக வாங்கியவர், ஓராண்டு கழித்தும் அதை 60இலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். செட்டிங்ஸில் நாமே போய் மாற்ற வேண்டிய நிலை அடிக்கடி வரும். '1 மில்லிசெகண்ட்' ரெஸ்பான்ஸ் டைம் (ஒரு பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம்) என்ற விளம்பரத்துக்கும் தனியாகப் பணம் தர வேண்டாம். பல மானிட்டர்களில் அந்த எண், வேறு எதற்கும் உதவாத உச்ச அமைப்பில் மட்டுமே கிடைக்கும்.

கேபிளும் போர்ட்டும் பார்க்காமல் 4கே வாங்குவது இன்னொரு தவறு. கணினியில் இருப்பது பழைய எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே 30 ஹெர்ட்ஸில்தான் வரும். மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். யூஎஸ்பி-சி ஒரே கேபிளில் படமும் சார்ஜும் தரும் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் லேப்டாப்பின் அந்த போர்ட் படத்தை அனுப்பக்கூடியதா, மானிட்டர் தரும் வாட் அதற்குப் போதுமா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

யாரும் கேட்காத ஒன்று ஸ்டாண்ட். மலிவான பல மானிட்டர்கள் முன்னும் பின்னும் சாயும், உயராது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். இல்லையென்றால் கழுத்து நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும். தடித்த புத்தகங்களை அடியில் அடுக்கி நானும் கொஞ்ச நாள் சமாளித்தேன். அப்புறம் உயரம் மாற்றும் ஸ்டாண்டுக்கு மாறியபோதுதான் தோள்பட்டை வலி எதனால் வந்தது என்றே புரிந்தது. ஸ்டாண்ட் சரியில்லாத மாடல்தான் கட்டுப்படியாகும் என்றால், பின்பக்கம் 100×100 மில்லிமீட்டர் திருகு துளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் பின்னாளில் ஒரு மானிட்டர் ஆர்ம் மாட்டிக்கொள்ளலாம்.

வாங்கி வந்த அன்றே திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக வைத்து, செத்த பிக்சல் ஏதும் இருக்கிறதா என்று நிதானமாகத் தேடுங்கள். கறுப்பை மட்டும் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஓரங்களில் வெளிச்சம் கசிவது அப்போதுதான் தெரியும். திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும்வரை பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.