பெரியப்பா போனை நீட்டும்போது

பொங்கலுக்கு ஊருக்குப் போனால், கரும்பு கடித்துக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு செய்தியோடு போனை நீட்டி "இதைப் பாத்தியா?" என்பார். எல்லார் முன்னாலும் "இது பொய்" என்று சொல்லிவிடாதீர்கள், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. முழுசாகப் பார்த்துவிட்டு, "இது எப்ப எடுத்ததாம் பெரியப்பா?" என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அந்தச் செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது 5 கை மாறி வந்தது என்று அர்த்தம். அதைக் காட்டிவிட்டு, படம் பழசா என்று கூகுள் லென்ஸில் அவர் கையாலேயே தேட வையுங்கள், நாமே தேடிக் காட்டினால் பாடம் எடுக்கிற மாதிரி ஆகிவிடும். டிவி என்றால் திமுக பக்கம் நிற்கும் கலைஞர் செய்திகள், அதிமுக பக்கம் நிற்கும் நியூஸ் ஜெ இரண்டிலும் ஒரே செய்தியை மாற்றி மாற்றிப் பாருங்கள். நமக்குப் பிடித்த சேனலையும் சந்தேகப்பட வேண்டும், கஷ்டம் அங்கேதான். குரல் ஏறுகிறதா, "சரி பெரியப்பா, காப்பி ஆறுது" என்று எழுந்துவிடுங்கள்.