கத்தரி வாடுகிறதா? மருந்துக்கடைக்கு ஓடும் முன்னால் செடியைப் பாருங்கள்

கத்தரியில் காசு வீணாவது பெரும்பாலும் மருந்துக்கடையில்தான். "செடி வாடுது, ஏதாச்சும் குடுங்க" என்று கேட்டால் கடைக்காரரும் ஏதாச்சும் கொடுத்துதான் அனுப்புவார். ஆனால் கத்தரி வாடுவதற்குப் பல காரணம் இருக்கிறது, அதில் ஒன்றுக்கு மருந்தே கிடையாது.

செடி தெம்பாக நிற்கிறது, கொழுந்து மட்டும் தலை தொங்கிவிட்டது என்றால் அது தண்டு மற்றும் காய்த் துளைப்பான். கொழுந்தைக் கிள்ளி நீளவாக்கில் பிளந்தால் வெளிர் சிவப்பில் சின்னப் புழு நெளியும். இலை ஓரமெல்லாம் கடிபட்டு, செடி மெல்ல மெல்லச் சோர்ந்து, பிடித்து இழுத்தால் வேர் இல்லாமல் கையோடு வந்தால் சாம்பல் நிறக் கூன்வண்டு. இலையைக் கடிப்பது வண்டு, வேரைத் தின்பது மண்ணுக்குள் இருக்கும் அதன் புழு. அதனால் இலைமேல் எத்தனை டேங்க் அடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கடைசி உழவிலேயே ஏக்கருக்கு 200 கிலோ வேப்பம் புண்ணாக்கு போட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் மோசம். இலை பச்சையாக இருக்கும்போதே முழுச் செடியும் துவண்டுவிடும். தண்டின் அடிப்பகுதியை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள், வெட்டிய இடத்திலிருந்து பால் நிறத்தில் நூலாக இறங்கினால் பாக்டீரியா வாடல். மண்ணில் ஈரமும் சூடும் சேர்ந்தால் இது வேகமாகப் பரவும். அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போக விடாதீர்கள். அப்புறம் அதே நிலத்தில் தக்காளியோ மிளகாயோ வைப்பது பெரிய தவறு, எல்லாம் ஒரே குடும்பம். சோளம், மக்காச்சோளம் மாதிரி தானியப் பயிர் போடுங்கள்.

சரி, துளைப்பானுக்கு வருவோம். புழு முட்டையிலிருந்து வந்த கொஞ்ச நேரத்திலேயே கொழுந்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும், புகுந்த பிறகு வெளியே அடிக்கிற மருந்து அதற்கு எட்டாது. இருந்தும் சொத்தைக் காயைக் கண்டதும்தான் பலர் ஸ்பிரேயரைத் தூக்குகிறார்கள். வாடிய கொழுந்தை வாரா வாரம் கிள்ளுவது இதைவிட நல்ல வேலை. ஆனால் கிள்ளியதை வரப்பில் வீசுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடிவதில்லை! புழு அங்கிருந்து இறங்கி, காய்ந்த சருகிலும் மண்ணிலும் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக உங்கள் வயலுக்கே திரும்பி வரும். கிள்ளியதையும் சொத்தைக் காயையும் சாக்கில் கட்டி எடுத்துப் போய் எரித்துவிடுங்கள். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம், அதில் ஆண் அந்து மட்டும்தான் விழும் என்பதையும், பொறிக்குள் இருக்கும் கவர்ச்சிக் குப்பியைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும் என்பதையும் மறக்காமல்.

அடுத்த தவறு, ஆடியில் அடித்ததையே சித்திரையிலும் அடிப்பது. பங்குனி, சித்திரை வெயிலில் இலையின் அடியில் மெல்லிய வலையும், மேலே ஊசி குத்தியது மாதிரி வெளுத்த புள்ளிகளும் தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். அது பூச்சி இனமே இல்லை. சைபர்மெத்ரின் வகை மருந்தை அடித்தால் அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் சாகும், சிலந்திப்பேன் முன்பைவிடப் பெருகும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதை வேறு. காயில் பழுப்பாகக் குழிந்து, நடுவில் கரும்புள்ளிகள் வந்தால் அது புழு இல்லை, போமாப்சிஸ் என்ற பூஞ்சாணம் தரும் காயழுகல். இதற்குப் பூச்சிமருந்து அடித்து என்ன பயன்? இந்தப் பூஞ்சாணம் விதையோடும் வரும் என்பதால், அழுகல் கண்ட வயலில் விதைக் காய் விடவே கூடாது. நாற்றங்காலிலும் மழை நாளில் தண்ணீர் தேங்கினால் நாற்று கழுத்தில் அழுகிச் சாயும். மேட்டுப்பாத்தி போடுங்கள், விதையை நெருக்கித் தூவாதீர்கள்.

இலையெல்லாம் சிறுத்துக் கொத்தாகி, பூக்காமல் நிற்கும் செடிக்கு யூரியா வைத்துக் காத்திருப்பவர்களும் உண்டு. அது சிற்றிலை நோய், தேறாது. தத்துப்பூச்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோகும் முன் பிடுங்குங்கள்.

மருந்து அடித்தே தீர வேண்டுமென்றால் முதலில் காயைப் பறித்துவிட்டு அடியுங்கள், டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடிந்த பிறகே அடுத்த பறிப்பு. நாளைக்குச் சந்தை என்று இன்றைக்கு அடிப்பதெல்லாம் வேண்டாம்.